சோதிப்பவர் அமர்ந்த பக்கம்

நான் ஓய்வு பெற்ற பிறகு என் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் நித்யா போன வாரம் கூப்பிட்டாள். நரம்பியல் பிரிவில் வயதானவர்களின் ஞாபகத்தையும் கவனத்தையும் சோதிக்கும் தாள்களை எல்லாம் கட்டி மூலையில் போட்டுவிட்டு டேப்லெட் கொடுத்திருக்கிறார்களாம். கேள்வியை அதுவே கேட்கிறது, மதிப்பெண்ணை அதுவே கூட்டுகிறது.

"மேடம், உங்க பழைய படிவத்துல முதல் வரியா 'சோதிப்பவர் அமர்ந்த பக்கம்: இடம், வலம்'னு ஒண்ணு இருக்கு. அது எதுக்குன்னு இங்க யாருக்கும் தெரியல. எடுத்துடலாமான்னு கேக்குறாங்க" என்றாள்.

எடுக்காதே என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டு போனை வைத்திருக்கலாம். ஆனால் ஏன் என்று அடுத்த கேள்வி வரும். அந்த வரி நான் செய்த ஒரு தப்பினால் படிவத்தில் ஏறியது. போனில் சொன்னால் பாதியில் சமாளித்துவிடுவேன் என்று என்னைப் பற்றி எனக்கே தெரியும். அதனால் எழுதுகிறேன்.

கும்பகோணத்தில் உளவியல் படித்தேன். அந்தப் படிப்புக்கு என்ன வேலை கிடைக்கும் என்று வீட்டில் யாருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. தஞ்சாவூரில் ஒரு மருத்துவமனையில் சோதனை உதவியாளர் வேலைக்கு ஆள் எடுத்தார்கள். நேர்காணலில், "ரத்தம் பாத்தா மயக்கம் வருமா?" என்று கேட்டார்கள். வரும் என்றேன். "பரவால்ல, இங்க பென்சில் மட்டும்தான்" என்றார் பெரிய டாக்டர். அப்படித்தான் சேர்ந்தேன். பென்சிலோடு முப்பத்தோரு வருஷம் ஓடிவிட்டது.

பெரிய டாக்டர் இடக்கைக்காரர். நம் ஊரில் அது எவ்வளவு சங்கடம் என்று சொல்ல வேண்டியதில்லை. மருந்துச் சீட்டை இடக்கையால் எழுதுவார், பிறகு வலக்கைக்கு மாற்றித்தான் நோயாளியிடம் நீட்டுவார். கடைசி வரை ஒரு தடவைகூட மறந்ததில்லை. குரல் உயராது. கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றிக் கைக்குட்டையால் துடைப்பார். துடைப்பது நீண்டால் நாங்கள் எல்லோரும் ஏதாவது ஃபைல் தேடப் போய்விடுவோம்.

மூளையில் எந்தப் பாதி எந்த வேலையைச் செய்கிறது என்று பார்ப்பதற்கு முதலில் ஒருவர் எந்தக் கைக்காரர் என்று தெரிய வேண்டும். "நீங்க வலக்கையா இடக்கையா?" என்று கேட்டால் எல்லோரும் வலக்கை என்றுதான் சொல்வார்கள், சின்ன வயதில் சோற்றுக் கையை மாற்றி அடி வாங்கியவர்கள் உட்பட. டாக்டர் அப்படிக் கேட்க மாட்டார். "நாத்து முடி எந்தக் கையில இருக்கும், எந்தக் கையால நடுவீங்க? மாங்காய்க்குக் கல்லு விட்டா எந்தக் கை போகும்? ஊசியில நூல் கோக்குறது எந்தக் கை?" என்று கேட்பார். எழுபது வயதுப் பெண்மணி ஒருவர் வெட்கத்தோடு இடக்கையைத் தூக்கிக் காட்டியது இன்னும் நினைவில் இருக்கிறது.

வெளியூரில் அச்சடித்து வந்த தாளில் கடிகாரம் வரையச் சொல்லியிருக்கும். பென்சிலே பிடித்திராதவர்களிடம் கடிகாரத்தை வரையச் சொல்லி நான் என்ன கண்டுபிடிப்பது? நாற்றங்கால் முதல் அறுப்பு வரை நடக்கிற வேலைகளை வரிசையாகச் சொல்லச் சொல்வேன். விதை ஊற வைப்பதில் தொடங்கி மூச்சு விடாமல் சொல்வார்கள். களையெடுப்புக்கு முன்னால் அறுப்பைச் சொன்னார் என்றால் கூட வந்தவர்களுக்கு அங்கேயே முகம் மாறிவிடும்.

ஐந்து சொற்களைச் சொல்லி, கொஞ்ச நேரம் கழித்துத் திருப்பிக் கேட்பதும் உண்டு. என் அறைக்கும் வராந்தாவுக்கும் நடுவில் ஒரு பிளைவுட் தடுப்புதான். ஒரு திங்கட்கிழமை அடுத்தடுத்து ஏழு பேர் விளக்கு, ஆடு, குடை, கத்தரிக்காய், மணல் என்று நான் வாய் திறப்பதற்கு முன்பே ஒப்பித்தார்கள். வெளியே ஒரு ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் வரிசையில் இருந்தவர்களுக்கு எல்லாம் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தார். அவர் முறை வந்தபோது நான் சொற்களை மாற்றிவிட்டேன். மனுஷன் என் மேல் கோபித்துக்கொண்டு போனார்.

வருகிறவர்களில் பாதிப் பேருக்கு நோயே இருக்காது. பெயர் மறக்கிறது, சாவி வைத்த இடம் தெரியவில்லை என்று பயந்து வருவார்கள். டாக்டர் அவர்களுக்குப் பொறுமையாகச் சொல்வார். "வயசுல ஒரு பக்கத்து மூளை தனியாச் செஞ்ச வேலையை வயசானா ரெண்டு பக்கமும் சேந்து செய்யும். அதனால கொஞ்சம் மெதுவா நடக்கும். நடக்குதில்ல, போயிட்டு வாங்க." எனக்கு இப்போது அறுபத்து மூன்று. எதிர் வீட்டுக்காரர் பெயர் வாசலைத் தாண்டிய பிறகுதான் ஞாபகத்துக்கு வருகிறது. நானும் அந்த வார்த்தைகளைத்தான் எனக்குச் சொல்லிக்கொள்கிறேன்.

இனி கலியபெருமாள்.

பாபநாசம் பக்கத்துக் கிராமம். எழுபத்தோரு வயது, குத்தகைக்கு மூன்று ஏக்கர் பயிர் வைத்திருந்தார். நான் வேலைக்குச் சேர்ந்து பதினோரு வருஷம் ஆகியிருந்தது, எனக்கு எல்லாம் தெரியும் என்று தோன்ற ஆரம்பித்த சமயம். அவர் மனைவி பாக்கியம், மகன் குமார், மருமகள் சுமதி மூவரும் அழைத்து வந்திருந்தார்கள். குமார் மஸ்கட்டில் வேலை. லீவில் வந்தவர் இன்னும் பத்து நாளில் கிளம்ப வேண்டும்.

"நாலு மாசமா மனுஷன் ஒரு மாதிரியா ஆயிட்டாருங்க" என்றார் பாக்கியம். "சைக்கிளைக் கொண்டுபோய் மதகுல மோதுறாரு. ஒத்தைச் செருப்போட கெளம்பிப் போறாரு. மருமகமேல வீம்பு வேற. அது வைக்கிற கறியை ஒரு வாய் தொட மாட்டேங்கிறாரு."

வீம்புக்குக் காரணமும் இருந்தது. பிள்ளையின் படிப்புக்காகத் தஞ்சாவூரில் வீடு பார்க்கலாம் என்று சுமதி சொல்லியிருக்கிறாள். நிலத்தை விட்டுவிட்டு வர முடியாது என்று மாமனார் கத்தியிருக்கிறார். அன்றிலிருந்து இரண்டு பேருக்கும் பேச்சு இல்லை. அதற்கு இரண்டு நாள் கழித்து அவருக்குத் தலைசுற்றல் வந்து, இடக்கை கொஞ்சம் மரத்துப் போய், உள்ளூரில் ரத்த அழுத்த மாத்திரை கொடுத்துச் சரியாகிவிட்டது என்று போகிற போக்கில் சொன்னார்கள். நானும் போகிற போக்கில் கேட்டுக்கொண்டேன்.

அறையில் என் மேசை சுவரை ஒட்டிக் கிடக்கும். நோயாளி சுவரைப் பார்த்து உட்காருவார், நான் அவருக்கு இடப்பக்கம். அதற்கு ஒரே காரணம், சுவரில் மாட்டியிருந்த மின்விசிறி அந்தப் பக்கம்தான் காற்று வீசும். பாக்கியம் அவருக்கு வலப்பக்கம் நின்றார்.

நான் கேட்ட கேள்விக்கெல்லாம் கலியபெருமாள் மனைவியைப் பார்த்தே பதில் சொன்னார். சில கேள்விகளுக்குப் பதிலே இல்லை. பெண்பிள்ளை கேட்டால் பதில் சொல்ல மாட்டாரோ என்று எனக்குச் சுருக்கென்றது. 'ஒத்துழைப்பு இல்லை' என்று எழுதினேன். ஒரு தாளில் ஆறு படங்கள் வரிசையாக இருக்கும், அவற்றின் பெயரைச் சொல்ல வேண்டும். மூன்றைச் சொன்னார். இன்னொரு தாள் முழுக்கச் சிதறியிருந்த வட்டங்களை எல்லாம் குறுக்கே கோடு போட்டு அடிக்கச் சொன்னேன். கால்வாசி அடித்துவிட்டு, "ஆச்சு" என்று பென்சிலைக் கீழே வைத்தார். ஐந்து சொற்களில் நான்கைச் சரியாகத் திருப்பிச் சொன்னார். நாற்றங்கால் முதல் அறுப்பு வரை ஒன்று விடாமல் சொன்னார். நான் அதைப் பார்க்கவில்லை. கூட்டுத்தொகையைப் பார்த்தேன், மிகவும் குறைவாக இருந்தது.

டாக்டர் அன்று ஊரில் இல்லை. மூன்று நாள் கழித்து ஸ்கேனோடு வாருங்கள் என்று சொல்லி அனுப்புவதோடு என் வேலை முடிந்தது. முடிவை டாக்டர்தான் சொல்ல வேண்டும், அது கண்டிப்பான விதி. ஆனால் வராந்தாவில் குமார், "என்னன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க டாக்டரம்மா" என்று கையைப் பிடிக்காத குறையாகக் கேட்டார். டாக்டரம்மா என்று கூப்பிட்டதில் எனக்கும் உச்சி குளிர்ந்ததோ என்னவோ, வாய் சும்மா இருக்கவில்லை.

"மூளைத் தேய்வு மாதிரி இருக்குங்க. இனிமே தனியா விடாதீங்க" என்று சொல்லிவிட்டேன்.

அந்த ஒரு வார்த்தை ஊருக்குள் போய் என்ன செய்தது என்பது மூன்று நாள் கழித்துத்தான் தெரிந்தது. நிலத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுவதாகக் குமார் நிலக்காரரிடம் சொல்லிவிட்டு வந்திருந்தார். நாற்று நடவுக்குத் தயாராக நின்றது. வாசல் கதவைப் பகலிலும் பூட்டியிருக்கிறார்கள். சுமதி, நோயாளி என்றாலும் தான் வைத்ததைத் தொடாதவருக்கு எப்படிப் பணிவிடை செய்வது என்று துணிமணியைக் கட்டி வைத்திருந்தாள். கலியபெருமாள் பேசுவதையே நிறுத்திவிட்டார். புத்தி கெட்டவன் பேச்சை யார் கேட்கப் போகிறார்கள் என்று கடைசியாகச் சொன்னாராம்.

டாக்டர் முதலில் ஸ்கேனைப் பார்க்கவில்லை. என் தாள்களைப் பார்த்தார். வட்டங்கள் இருந்த தாளை மட்டும் எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். அடித்திருந்த வட்டங்கள் எல்லாம் தாளின் வலது ஓரத்தில் இருந்தன. கண்ணாடியைக் கழற்றினார்.

"மல்லிகா, நீங்க எந்தப் பக்கம் உக்காந்திருந்தீங்க?"

"இடது பக்கம் சார்."

"ஏன்?"

என் கண் மின்விசிறிப் பக்கம் போயிற்று. அவர் நிமிர்ந்து மேசையையும் சுவரையும் விசிறியையும் பார்த்தார். பிறகு கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். என்னைத் திட்டவே இல்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

கலியபெருமாளின் வலப்பக்கம் போய் ஸ்டூலில் உட்கார்ந்து, "ஐயா, நடவு எப்போ?" என்றார். மூன்று நாளாகப் பேசாத மனுஷன் முகத்தைத் திருப்பி, "நாத்து முத்திக்கிட்டிருக்குங்க. இவங்க வுட மாட்டேங்கிறாங்க" என்றார். டாக்டர் எழுந்து இடப்பக்கம் போய் அதே குரலில் அதே கேள்வியைக் கேட்டார். கலியபெருமாள் வலப்பக்கம் காலியாக இருந்த ஸ்டூலைப் பார்த்துப் பதில் சொன்னார்.

அதன் பிறகு ஒரு முறத்தில் புளியங்கொட்டையைப் பரப்பி எல்லாவற்றையும் பொறுக்கச் சொன்னார். பென்சில் பிடித்துப் பழகாதவர்களுக்கு என்று நான்தான் அந்த முறத்தை வாங்கி வைத்திருந்தேன், அன்று எடுக்கச் சோம்பல்பட்டேன். வலது பாதி சுத்தமாகக் காலியாயிற்று. இடது பாதியில் இருந்த கொட்டைகள் அப்படியே இருந்தன. "ஆச்சுங்க" என்றார்.

கை கால் விழுந்து படுக்கையில் கிடப்பவர்களிடம் இதை நான் பார்த்திருந்தேன். மூளையின் வலது பாதியில் பின்புறம் அடிபட்டால் சிலருக்கு உலகத்தின் இடப்பக்கம் கவனத்தில் இருந்து விழுந்துவிடும். கண் நன்றாகத் தெரியும், புத்தியும் அப்படியே இருக்கும். இடப்பக்கம் என்று ஒன்று இருப்பது மட்டும் மனதில் ஏறாது. கையை வீசிக்கொண்டு நடந்து வந்த ஒருவருக்கு அது இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. தலைசுற்றல் என்று அவர்கள் சொன்னது பக்கவாதத்தின் சின்ன அடி. ஸ்கேனில் வலப்பக்கம் அந்த இடம் கறுப்பாகத் தெரிந்தது.

டாக்டர் குடும்பத்தாரைப் பார்த்தார். "சாப்பாட்டுல எதை மிச்சம் வைக்கிறாரு?"

"நான் வச்சதைங்க" என்றாள் சுமதி. தலை நிமிரவில்லை. "சோறும் குழம்பும் அத்தை பரிமாறுவாங்க, அதைச் சாப்பிடுவாரு. பொரியல், கூட்டு நான் வைக்கிறது. அது இலையில வச்சபடி கெடக்கும்."

கலியபெருமாள் மதியம் இலை போட்டுத்தான் சாப்பிடுவார். கொல்லையிலேயே வாழை. டாக்டர் காண்டீனுக்கு ஆள் அனுப்பி ஓர் இலைச் சாப்பாடு வரவழைத்தார். வழக்கம்போல் இலையின் நுனி அவருக்கு இடப்பக்கம் இருக்கும்படி போட்டு, இடக்கோடியில் உப்பு, ஊறுகாய், அடுத்துப் பொரியல், கூட்டு என்று சுமதியையே வைக்கச் சொன்னார். வலப்பக்கம் சோறும் குழம்பும் பாக்கியம் வைத்தார்.

நாங்கள் எல்லோரும் ஒரு மனுஷன் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். வலப்பக்கத்துச் சோற்றைப் பருக்கை விடாமல் சாப்பிட்டு முடித்தார். கையை இலைமேல் வைத்தபடி உட்கார்ந்திருந்தார்.

"போதுமா ஐயா?" என்றார் டாக்டர், வலப்பக்கம் இருந்து.

"போதும்." கொஞ்சம் தயங்கினார். "ஆசுபத்திரியிலயும் வெறுஞ்சோறுதானுங்களா?"

"ஏன், கறி எதுவும் இல்லையா?"

"வைக்கலியே" என்றார். "வூட்லயும் நாலு மாசமா வைக்கிறதில்ல. எம்மேல கோவம், அதனால வைக்கிறதில்ல. இருக்கட்டும். எலையில உக்காந்து கேட்டு வாங்கித் திங்கிற ஆளு இல்லீங்க நானு."

சுமதி வாயைப் பொத்திக்கொண்டாள். "மாமா, தெனமும் வச்சேன் மாமா, தெனமும் வச்சேன்" என்று அழுதாள். அவள் இடப்பக்கம் நின்றிருந்தாள். அழுகைச் சத்தம் கேட்டு அவர் வலப்பக்கம் திரும்பி அவளைத் தேடினார். என்னால் அங்கே நிற்க முடியவில்லை. அவளும் அவரும் நானும் ஒரே தப்பைத்தான் செய்திருந்தோம். கவனத்தில் விழாததை எல்லாம் வீம்பு என்று எடுத்துக்கொண்டோம். அவர்கள் இரண்டு பேரும் படிக்காமல் செய்தார்கள், நான் படித்துவிட்டுச் செய்தேன்.

டாக்டர் குனிந்து இலையின் ஓரத்தைப் பிடித்தார். பொரியல் வலப்பக்கம் வரும்படி திருப்பப் போகிறார் என்று புரிந்தது. பாக்கியம் சட்டென்று அவர் கையைப் பிடித்துவிட்டார்.

"ஐயோ, வேணாங்க. உசுரோட இருக்குற மனுஷனுக்கு எலையைத் திருப்பிப் போடுறதா?"

டாக்டர் உடனே கையை எடுத்துக்கொண்டார். "தப்புதாம்மா, மன்னிச்சிக்குங்க" என்றார். வேறு வழி சொன்னார். சுமதி இடப்பக்கம் உட்கார்ந்து வளையலை ஆட்டிச் சத்தம் காட்ட வேண்டும். அந்தச் சத்தம் வரும் இடத்தைக் கண்டுபிடித்த பிறகுதான் மாமா சாப்பிட ஆரம்பிக்க வேண்டும். தினமும் செய்தால் பழகும் என்றார். முழுதாகச் சரியாகுமா என்று குமார் கேட்டதற்கு, "சொல்ல முடியாது. கொஞ்சம் திரும்பும். நெலத்தைப் பாக்கட்டும், ஆனா தனியா வேணாம். சைக்கிள் வேணவே வேணாம்" என்றார்.

அப்போது நான் குமாரிடம், "அன்னைக்கு நான் சொன்னது தப்புங்க. சொல்லவும் கூடாது, சொன்னதும் தப்பு. நிலக்காரர்கிட்ட நான் வந்து சொல்றேன்" என்றேன். சொன்னபடி அடுத்த ஞாயிற்றுக்கிழமை போய்ச் சொன்னேன். அவர் என்னை உட்காரச் சொல்லி மோர் கொடுத்தார். ஓர் ஏக்கரை மட்டும் கலியபெருமாளுக்கே விட்டார், மற்ற இரண்டையும் வேறு ஆளுக்குக் கொடுத்தாகிவிட்டது. அந்த இரண்டு ஏக்கரும் என் வாயால் போனது.

மறுநாள் மேசையைச் சுவரை விட்டு இழுத்து அறை நடுவில் போட்டேன். படிவத்தின் தலையில் அந்த வரியைக் கையால் எழுதினேன். டாக்டர் பார்த்தார். அடுத்த கட்டு அச்சாகி வந்தபோது அந்த வரியும் அச்சில் இருந்தது.

மூன்று மாதம் கழித்து ஒரு தடவை அவர்கள் வீட்டுக்குப் போனேன். குமார் மஸ்கட் போய்விட்டார். வீடு மாறும் பேச்சை அடுத்த வருஷத்துக்குத் தள்ளி வைத்திருந்தார்கள். காலையில் சுமதியும் மாமனாரும் சேர்ந்து வயலுக்குப் போய்விட்டு வந்திருந்தார்கள். அவர் காலில் இரண்டு செருப்பும் இருந்ததை முதலில் பார்த்துக்கொண்டேன்.

மதியம் இலை போட்டார்கள். சுமதி இடப்பக்கம் உட்கார்ந்து வளையலை ஆட்டினாள். அவர் தலையை மெல்ல மெல்லத் திருப்பிச் சத்தத்தைத் தேடிப் பிடித்தார். ஊறுகாய் வரை கை போயிற்று. இரண்டு வாய் சாப்பிட்டதும் பார்வை மறுபடியும் வலப்பக்கம் நழுவிவிட்டது. சுமதி மறுபடியும் ஆட்டினாள். அவருக்கு அலுப்பாக இருந்தது தெரிந்தது. வலப்பக்கத்துச் சோற்றை முடித்துவிட்டு எழுந்திருக்கத் தரையில் கையை ஊன்றினார். வாழைப்பூப் பொரியல் அப்படியே கிடந்தது.

பாக்கியம் குழம்புச் சட்டியைக் கீழே வைத்துவிட்டு வந்தார். என்னையும் பார்க்கவில்லை, சுமதியையும் பார்க்கவில்லை. குனிந்து இரண்டு கையாலும் இலையைப் பிடித்து, நுனி வலப்பக்கம் வரும்படி திருப்பி வைத்தார்.

நான் பார்ப்பதை உணர்ந்திருக்க வேண்டும். "நாலு மாசம் பசியோட எந்திரிச்சாரும்மா" என்றார். "அதைவிடவா இது அமங்கலம்?"

கலியபெருமாள் இலையைப் பார்த்தார். பொரியலை அள்ளி வாயில் போட்டு மென்றார்.

"சுமதி, உப்பு கொஞ்சம் கம்மிம்மா."

"ஆமாங்க மாமா" என்றாள் அவள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நாளைக்குச் சரியாப் போடுறேன்."